பூசணி உடைக்க மட்டும் ஒரு கை

நங்கையா,

இன்று ஆயுத பூஜை. வீட்டைக் கழுவித் துடைக்கும்போது அரிசி டிரம்மின் மூடியைக் கவிழ்த்தேன். உட்பக்கத்தில் உங்கள் சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. பனியன் கம்பெனி செக்கிங்கில், துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவீர்களே, அந்தச் சின்ன ஸ்டிக்கர். போன வருஷம் ரேஷன் அரிசியில் வண்டு நெளிந்த அன்று, நான் முறத்தை வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். நீங்கள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஸ்டிக்கர் சுருளை அவிழ்த்து மூடியில் ஒன்றை ஒட்டினீர்கள். "ரிஜெக்ட். அனுப்புனவனுக்கே திருப்பி அனுப்பு கண்ணு" என்றீர்கள். பிறகு அதே அரிசியைத்தான் இரண்டு பேரும் புடைத்து உலையில் போட்டோம்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என் வீட்டுக்காரரான உங்கள் தம்பியின் போன் அடித்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். பழைய கம்பெனியின் மேனேஜர். எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். கதவோரம் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் நேற்று சாயங்காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போனில் நான் என்ன சொன்னேன் என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் "எதுக்குங்க வம்பு" என்பார்கள்.

போன வருஷம் மாசியில் அவருக்கு வேலை போனது. போனதைவிட, போன விதம்தான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அவ்வளவு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்த மனிதரையும் இன்னும் பலரையும் வரிசையாக நிற்க வைத்து, சின்ன முதலாளி கைகூப்பினாராம். "ஆர்டரே இல்லீங்க மாஸ்டர். நாம எல்லாம் ஒரே ஃபேமிலிங்க. நெலம சரியானா மொத போன் உங்களுக்குத்தானுங்க." நம் ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். இரண்டு கெட்ட வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால்கூட வீட்டில் உட்கார்ந்து திட்டித் தீர்த்திருக்கலாம். அந்த மரியாதைதான் அசிங்கமாக இருந்தது. போதாததற்கு ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ் வேறு.

அதைத் திறந்ததும் நெய் வாசம் வீடு முழுக்கப் பரவியது. உள்ளே மைசூர்பா. நீங்கள் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்தீர்கள். "எளவு ஊட்ல மைசூர்பா குடுக்கறத இப்பத்தான் பாக்கறன்" என்று மூடியைச் சாத்தி, மேலே ஓர் அம்பை ஒட்டினீர்கள். நாய்க்குப் போடலாமா என்று நான் கேட்டதற்கு, "அது என்ன பாவம் பண்ணுச்சு? எனக்கு வந்த சக்கர அதுக்கும் வந்து சாகட்டுங்கறியா?" என்றீர்கள். அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் நான் நெய் வாங்குவதே இல்லை.

அந்த வருஷத்தை, வேறொரு கம்பெனியில் நீங்கள் வாங்கிய செக்கிங் கூலியில்தான் ஓட்டினோம். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தவர் என்று ஊரே உங்களைப் பற்றிப் பேசியது. அந்த வீட்டையே நீங்கள் தாங்கியபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் தம்பி ஏறி இறங்காத கம்பெனி இல்லை. "வயசாயிருச்சுங்களே மாஸ்டர்" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். பிறகு பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் லோடு ஏற்றப் போனார். கட்டிங் மெஷின் ஓட்டும்போது கம்பி வலையில் செய்த உறை மாட்டி, விரலில் ஒரு கீறல் விழாமல் காத்து வைத்திருந்த கை. அதில் கோழி கொத்திய தடமும் எச்ச வாடையுமாக வந்தார். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் போகாது. சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் எதிரில் இருந்து, "திங்கறதுக்குத்தான் கை. மோந்து பாக்கறதுக்கு இல்ல" என்று அதட்டுவீர்கள். ஒரு நாள் வெயில் ஏறும்வரை எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தவரின் நெற்றியில் அம்பை ஒட்டிவிட்டு வேலைக்குப் போனீர்கள். அவர் அது தெரியாமல் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

விசாரிக்க வந்தவர்களை நினைத்தால் இன்னும் கூசுகிறது. சேவூரிலிருந்து பெரிய மாமா வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வந்தவர் டிவியைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், எதை விற்றிருக்கிறோம் என்று கண்ணாலேயே தேடினார். நம் கோழியைச் சாப்பிட்டுக்கொண்டே, "பொண்ணைப் படிக்க வெச்சு என்னங்க பண்றது, எதாச்சும் மில்லுல சேத்தி உடுங்க" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கரண்டியோடு அவர் முன்னால் குனிந்து, "ஏனுங்க மாமா, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா? வாய் சும்மாவே இருக்குதுங்களே" என்றீர்கள். அவ்வளவு பணிவாக. அவருக்குப் புரிவதற்குள் இலையில் சோறு குவிந்துவிட்டது. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து "த்தூ" என்றீர்கள்.

பிறகு போன வருஷ ஆயுத பூஜை வந்தது. கம்பெனியிலிருந்து போன். உங்கள் தம்பி போனைக் காதில் வைத்தபடி எழுந்தே நின்றுவிட்டார். சின்ன முதலாளியே பேசினார். வருஷா வருஷம் பூசணிக்காய் சுற்றி உடைப்பது மாஸ்டர்தானே, அது ராசியான கை, வேறு யார் உடைத்தாலும் மனசுக்கு ஒப்பாது, குடும்பத்தோடு வர வேண்டும் என்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. "கூப்பிட மாட்டாங்கன்னு சொன்னியேக்கா, பாத்தியா? ஆர்டர் வந்திருக்குது" என்றார். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தக் கைக்கு வேல குடுக்க மாட்டானாமா. அதோட ராசி மட்டும் வேணுமாமா" என்றீர்கள். அவர் காதில் விழவில்லை. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்ற நினைப்பிலேயே அவிநாசி சந்தைக்குப் போனார். காயைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கி, வண்டி ஹேண்டிலில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தார். அந்தக் காயைக்கூட முதலாளி வாங்க மாட்டார். ராசிக்காரர்தான் வாங்க வேண்டுமாம்.

நீங்கள், நான், அவர், மூன்று பேரும் போனோம். கட்டிங் ஹாலுக்குள் நுழைந்தோம். அவர் நின்று வெட்டும் நீள மேசையைக் காணோம். அந்த இடத்தை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு புது மெஷின். கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்தால் அதுவே துணியை வெட்டுமாம். வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் அப்பி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். ஆர்டர் இல்லை என்று கைகூப்பினார்களே, அப்போதே அதற்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று அங்கே நின்றவர்கள் எங்கள் காதோடு சொன்னார்கள். தன் இடத்தைப் பிடித்த மெஷினுக்கே கண்ணேறு கழிக்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ச்சீ!

உங்கள் தம்பி பூசணியின் தலையைச் சீவி, குங்குமம் நிரப்பி, கற்பூரம் ஏற்றி, அந்த மெஷினை நிதானமாகச் சுற்றினார். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் ஒரே போடாகப் போட்டார். காய் நாலாபக்கமும் சிதறியது. எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி அவர் தோளில் கை போட்டு, "அடுத்த வருசமும் நீங்கதானுங்க மாஸ்டர்" என்றார். பிறகு கையில் ஸ்வீட் பாக்ஸ். அதே கடை, அதே மைசூர்பா.

அப்போதுதான் நீங்கள் முன்னால் போனீர்கள். முதலாளி மெஷின் பக்கத்தில் மாலையோடு போட்டோவுக்கு நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. "மால திருகிக்கிட்டு இருக்குதுங்க சாமி, கொஞ்சம் இருங்க" என்று பின்னால் போய், பெற்ற தாய் மாதிரி மாலையைச் சரிசெய்தீர்கள். "பரவாயில்லீங்கக்கா" என்று அவரும் சிரித்தார். நீங்கள் நகர்ந்த பிறகு பார்த்தால், அவர் முதுகுக்கு நடுவில் சிவப்பு அம்பு!

வேலை போன அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. பூஜை முடியும்வரை அவர் எல்லாரிடமும் நலம் விசாரித்துக்கொண்டு அந்த ரிஜெக்ட் அம்போடு வளைய வந்தார். செக்கிங் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடினார்கள். வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் தெரிந்திருக்கும். அதுவும் துவைக்கிற அம்மாதான் பார்த்திருப்பார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உங்கள் தம்பி குங்குமச் சிவப்பு ஏறிய உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். "மெஷினு நல்ல மெஷினுதாங்க்கா. பிசிறே இல்லாம வெட்டுமாமா" என்றார். நீங்கள் ஸ்வீட் பாக்ஸை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விட்டுவிட்டீர்கள். "நல்ல காயி. கொழம்பு வெச்சிருந்தா நம்ம ஊடே தின்னிருக்கும். ரோட்டுல போட்டு வண்டிக்காரன வழுக்கி உழுக வெக்கறானுக" என்றீர்கள். உங்கள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. காலில் வந்த புண்ணை எங்களிடம் சொல்லாமல் துணி சுற்றி மறைத்துக்கொண்டு போய் நின்றீர்கள். சர்க்கரை உடம்பு, அது ஆறவில்லை. மார்கழி முடிவதற்குள் போய்விட்டீர்கள். அவருடைய பழைய கம்பெனியிலிருந்து பெரிய மாலை வந்தது, பெயர் போட்ட ரிப்பனோடு. அதை உங்கள் மேல் போட நான் விடவில்லை. வெளியே சைக்கிள் மேல் சாத்தி வைத்தேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உங்கள் மேசையில் இப்போது நான்தான் நிற்கிறேன். உங்கள் தம்பிக்கு ஒரு சின்ன ஷெட்டில் கட்டிங் வேலை, உள்ளூர் பனியனுக்கு. கூலி குறைவு, ஆனால் கத்தி அவர் கையில் இருக்கிறது. மகள் காலேஜ் போகிறாள். எல்லாம் ஒருவாறு நிமிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். நேற்று சாயங்காலம் அவர் வண்டியில் பூசணிக்காய் தொங்கியது. "கூப்பிட்டாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார். வேலை கேட்பதற்காகக்கூட இல்லை, நங்கையா. மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல், மறுபடியும் அந்த மெஷினைச் சுற்றப் புறப்பட்டிருந்தார். எனக்கு அவர் மேலும் அருவருப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

அதனால்தான் காலையில் போனை நானே எடுத்தேன்.

"அக்கா, மாஸ்டர் கெளம்பிட்டாருங்களா? மொதலாளி கேக்கறாருங்க."

"அவரு வரமாட்டாருங்க."

"ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருக்காரு. அந்தக் கை இப்ப வேற எடத்துல வேல செய்யுதுங்க. ராசிய மட்டும் தனியாக் கழட்டிக் குடுத்துவிட முடியலீங்க."

"அப்ப பூசணிக்காய்க்கு என்னங்கக்கா பண்றது?"

"எல்லாத்தையும் அந்த மெஷினே வெட்டுதுங்களே. அதையே ஒடைக்கச் சொல்லுங்க."

ஒரு வார்த்தைகூட மரியாதை குறையாமல் சொன்னேன். வைத்துவிட்டு, உங்களைப் போலவே "த்தூ" என்றேன். உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இதுதான். இது இல்லாவிட்டால் அந்த வருஷத்தை நான் அழுதே கழித்திருப்பேன்.

திரும்பினால் உங்கள் தம்பி ஈரத் துண்டோடு நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கோபப்படுவார், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பூசணிக்காயையே பார்த்தார். பிறகு அதைத் தூக்கி வந்து தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா கொழம்பு வெக்கச் சொல்லுச்சில்ல. மோர் இருக்குதா?" என்றார்.

மோர்க்குழம்பு வைக்கப்போகிறேன். அவர் நறுக்கிக் கொடுத்த தட்டு என் முன்னால் இருக்கிறது. உங்கள் ஸ்டிக்கர் சுருள் என் முந்தானையில் இருக்கிறது. துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன், நங்கையா. அம்பு ஒட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை.