ஊறல் போட்ட குற்றம்

லெனின்கிராட், மார்ச் 1949

அன்பு மகள் ஸீனாவுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாட்டத்தோடு சுகமாக இருக்கிறேன், தாஷ்கண்ட் வெயிலில் உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். தபாலில் போடப் பயந்து இதை ரயில் கண்டக்டர் அகாஃபியாவிடம் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. சாராய வழக்கில் அப்பாவுக்கு ஒரு வருஷம் ஜெயில். ஆமாம், ஒரு சொட்டுக் குடிக்காத உன் அப்பாவுக்குத்தான். அழாமல் முழுக்கப் படி.

மாஸ்கோவிலிருந்து வந்த உத்தரவு உனக்குத் தெரியும். பரம்பரைக் குணம் என்பதெல்லாம் முதலாளித்துவப் பொய்யாம், அதை ஆராய வளர்த்த ஆய்வுக்கூட ஈக்களை வெந்நீரில் கொட்டிவிட்டு, தப்புப் பண்ணினேன், வருந்துகிறேன் என்று மேடையேறிச் சொல்ல வேண்டுமாம். ஒவ்வொருவராக ஏறிச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆய்வுக்கூட டைரக்டரே வீடு தேடி வந்து அப்பாவிடம், நிகாந்தர் பாவ்லவிச், ஒரே ஒரு வார்த்தைதான், சொல்லிட்டு உங்க வேலையைப் பாருங்களேன் என்று கெஞ்சினார். நானும் கெஞ்சினேன், நீயும் எழுதினாய். இவரோ, வெள்ளைக் கண்ணு ஈயோட பேரனுக்கும் வெள்ளைக் கண்ணு வர்றதைக் கண்ணால பார்த்தவன், பார்க்கலேன்னு எப்படிச் சொல்றது என்று தேநீரை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை போயிற்று. யுத்தத்தில் ஜெர்மன்காரன் முற்றுகைக்குப் பிறகு பூஜ்யத்திலிருந்து வளர்த்த ஈக்களில் இரண்டு குப்பியை மட்டும் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதுகளுக்கு ரவையும் உலர்திராட்சையும் ஈஸ்டும் சேர்த்துக் கஞ்சி காய்ச்ச வேண்டும். ஐந்து குடும்பத்துக்கு ஒரே சமையலறை, அடுத்த அறை கிளாவ்தியாவின் மூக்கைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. குடிகாரப் புருஷனோடு அல்லாடுகிறவள், புளித்த வாடை வந்ததும் சாராய ஊறல் என்று போலீஸில் சொல்லிவிட்டாள். போலீஸ்காரர் வந்து பாத்திரத்தைத் திறந்து, என்ன பெரியவரே இது என்றார். என் சால்வைக்குள் மார்போடு இரண்டு குப்பி. ஈக்குத் தீனி என்று சொன்னால் ஈயும் போகும், நாம் மூவரும் மக்கள் விரோதிகள். அப்பா கூசாமல், சாராயத்துக்குத்தாங்க ஊறல் போட்டேன், ஆசை யாரை விட்டுது என்றார்.

கோர்ட்டில் பார்த்திருக்க வேண்டும். தப்புப் பண்ணினேன், வருந்துகிறேன் என்று கணீரென்று சொன்னார். ஆய்வுக்கூடமே மாதக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத அதே வார்த்தைகள்! எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. கிளாவ்தியா வந்து, இவர்தான்னு தெரிஞ்சிருந்தா வாயே திறந்திருக்க மாட்டேனே, பாவி நான் என்று அழுகிறாள். அவளிடமும் உண்மையைச் சொல்ல முடியவில்லை, உட்கார வைத்துச் சூப் கொடுத்தேன்.

அகாஃபியா தரும் கம்பளிக் கோட்டின் உள் பையைப் பிரி. குப்பிகள் இரண்டும் அங்கேதான். வழியெல்லாம் அவள் உடம்புச் சூட்டில் வைத்துக் கொண்டுவருவாள், வந்ததும் புதுத் தீனிக்கு மாற்று. கஞ்சியை வாசலில் வைத்துக் காய்ச்சாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நீ நன்றாக இருப்பாய், உனக்கு ஒரு குறையும் வராது. யாராவது கேட்டால் என் அப்பா சாராயம் காய்ச்சி உள்ளே போனவர் என்று தலைநிமிர்ந்து சொல்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா ராயிஸா