ஒரு குதிரையில் இரண்டு பேர்

மார்ச் 9, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்ததும் விறாந்தையில் ஆட்டம். வழக்கம்போல் என் தமையன் பிறேம் அண்ணை கதையை நடத்தினார். நானும் சிநேகிதி டிலக்ஷியும் சிவதர்ஷனும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரராகி, பகடை உருட்டிச் சண்டை போட்டோம். ஆறு மாதமாக என் குதிரையில் எனக்குப் பின்னால் தர்ஷனின் வில்லாளிதான். இன்றைக்கு அண்ணை திடீரென்று சொன்னார்: “ரெண்டு பேர் ஏறினால் குதிரை உன்ரை சொல்லுக் கேளாது. அது தன்ரை முறை வரேக்கைதான் ஓடும்.”

இதுவரை அது என் முறையில்தான் ஓடியது. நான் ஓட்டுவேன், தர்ஷன் அம்பு விடுவார். இனி நான் ஈட்டியை நீட்டும்போது குதிரை நின்ற இடத்தில் நிற்கும். அது ஓடும்போது என் முறை முடிந்திருக்கும்.

ஏன் இன்றைக்கு?

மார்ச் 11
விதிப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். பழக்கிய குதிரை ஓட்டுகிறவரின் முறையில் நகரும். வேகமாக ஓடலாம், அடிக்குத் தப்பலாம், சண்டையிலிருந்து நழுவலாம். அறிவுள்ள மிருகம் மட்டும் தன் விருப்பப்படி தன் முறையில். இரண்டு பேர் ஏறினால் என்ன என்று ஒரு வரியும் இல்லை. அப்படியென்றால் இது அண்ணையின் சொந்தத் தீர்ப்பு.

அண்ணைக்குத் தெரிந்துவிட்டதோ? தர்ஷனும் நானும் விரும்புவதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தர்ஷன் வீட்டார் சண்டிலிப்பாய்ச் சைவக் குடும்பம், நாங்கள் கிறிஸ்தவர்கள். ஈஸ்டர் முடியச் சொல்லலாம் என்றிருந்தோம்.

மார்ச் 16, ஞாயிறு
இன்னும் மோசம். குதிரையில் அடி பட்டால் பின்னால் இருப்பவர் பகடை உருட்ட வேண்டுமாம். எண் குறைந்தால் கீழே விழ வேண்டுமாம். தர்ஷன் இரண்டு தரம் விழுந்தார். திரும்ப ஏறுவதற்கே, ஒரு முறையில் நகரக்கூடிய தூரத்தில் பாதி போய்விடுகிறது.

“உது புத்தகத்திலை எந்தப் பக்கத்திலை இருக்கு?” என்று கேட்டேன்.

“கதையை நடத்திறது நான்.”

டிலக்ஷிக்கும் கோபம். “இவளின்ரை குதிரைக்கு மட்டும் ஏன் அண்ணை இவ்வளவு சட்டம்?”

தர்ஷன் குனிந்தபடியே, “பரவாயில்லை. எனக்குத் தனிக் குதிரை தாங்கோ அண்ணை” என்றார்.

அண்ணை உடனே கொடுத்தார். உடனே!

மார்ச் 17
என் போனை அண்ணை பார்த்திருப்பாரோ?

மார்ச் 20
அண்ணை எங்களைப் பிரிக்கப் பார்க்கிறார் என்று தர்ஷனிடம் சொன்னேன். “விளையாட்டுத்தானே, விடும்” என்றார். பயப்படவில்லை. அண்ணைக்கு எப்படித் தெரிந்தது என்றுகூடக் கேட்கவில்லை. என்னைவிடப் பயப்பட வேண்டியவர் அவரல்லவா?

இப்போது என் சந்தேகம் அண்ணையில் இல்லை.

மார்ச் 22
அண்ணை கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். நேரே கேட்டேன்: “உந்தக் குதிரைச் சட்டம் ஆரின்ரை யோசினை?”

கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார். “அவன்தான் கேட்டவன். உன்னோடை ஒரு குதிரையிலை இருக்க ஏலாதாம். கனடாவிலை பொம்பிளை பேசி முடிச்சாச்சாம். தானே உனக்குச் சொல்லுறன் எண்டவன். இண்டைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

“எங்கடை விசயம் உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம். கனநாளா.”

அழவில்லை என்று எழுதினால் பொய். அண்ணையைச் சந்தேகப்பட்டேனே — அவரை எல்லோ!

மார்ச் 23, ஞாயிறு
தர்ஷன் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார்.

ஆட்டத்தில், கோட்டைக்கு வெளியே தர்ஷனின் குதிரை செத்துவிட்டது. சுற்றிவர அரக்கர்கள். டிலக்ஷி தொலைவில் இருந்தாள். நான்தான் பக்கத்தில். விட்டுவிட்டுப் போகலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

“அண்ணை, ரெண்டு பேர் ஏறலாமோ?”

என்னையே பார்த்தார். “ஏறலாம். உன்ரை முறையிலையே ஓடும்.”

நேராக ஓடினால் அரக்கர்கள் வெட்டுவார்கள். குதிரையை நழுவச் சொன்னேன். நகர்வது குதிரைதானே, அது நழுவினால் மேலிருக்கும் இருவரையும் அவர்கள் தொட முடியாது. தர்ஷனைத் தூக்கி ஏற்றிக் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

“இறங்குங்கோ.”

“இன்னும் உள்ளுக்குப் போகேல்லையே...”

“இறங்குங்கோ தர்ஷன். கனடாக் கதையை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கவேணும்.”

டிலக்ஷி பகடையை மேசையில் வைத்தாள். “சொல்லப் பயமாக் கிடந்தது” என்றார் தர்ஷன். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். படலையைச் சாத்தவுமில்லை. அண்ணை போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு
தர்ஷனின் இடத்துக்கு டிலக்ஷி தன் சிநேகிதி உதயகலாவைக் கூட்டி வந்திருந்தாள். குதிரையில் இருந்து எப்படிச் சண்டை பிடிப்பதென்று உதயகலா கேட்டாள். சொல்லிக்கொண்டே போனேன். அண்ணை ஒரு தரமும் குறுக்கிடாமல் எல்லோருக்கும் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். விளையாடத் தொடங்கவே பின்னேரமாகிவிட்டது.