சும்மாதான் கூப்பிட்டோம்

சத்வா, துபாய்
வியாழன் மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

இல்லை. அந்தப் படகு எங்களுடையது இல்லை. வாடகைக்கு எடுத்ததும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் படத்திலிருந்து அர்னெல் வெட்டிவிட்டார், அவ்வளவுதான். ஒரு திர்ஹம் கொடுத்தால் யாரும் ஏறலாம். கொத்தனார், சமையல்காரர், துணிக்கடைப் பெண், எல்லோரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கழிமுகத்தைக் கடக்கிறோம். காற்று உப்பாக இருக்கும். டீசல் நாற்றமும் உண்டு. நம் ஊர் எஸ்தான்சியா துறைமுகத்தின் மணம்தான். அதனால்தான் அர்னெலுக்குப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன்.

"வேலை தேடப் போனானா, தேனிலவுக்குப் போனானா?" என்று நீங்கள் கேட்டதை நாத்தனார் ரோவேனா உங்கள் குரலிலேயே பதிந்து அனுப்பினாள். அர்னெல் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை.

நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்களுக்குக் காது கேட்கவேண்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவீர்கள், மீன்கடை வரிசை முழுக்கக் கேட்கும், சாயங்காலத்துக்குள் யாராவது அர்னெலுக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். இது அவர் காதுக்குப் போகக்கூடாது. என் அறையில் இருக்கும் மிலாக்ரோஸ் அக்கா நாளை ஊருக்குப் புறப்படுகிறார். சனிக்கிழமை உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ரோவேனாவைப் படிக்கச் சொல்லுங்கள். கடையில் வைத்து வேண்டாம்.

என் அறை என்று சொன்னேன். கீழ்க்கட்டில், ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் இருப்பது என்னுடையது. எட்டுப் பெண்கள். அர்னெல் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், தேராவில், ஆண்களோடு. அங்கே நான் படியேற முடியாது, இங்கே அவர் முடியாது. இதை உங்களிடம் நாங்கள் சொல்லவில்லை. 'வீடு எப்படி இருக்கு' என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் 'நல்லா இருக்கு' என்றோம். பொய்யும் இல்லை.

ஏனென்றால் வீடு இருக்கிறது. துண்டு துண்டாக இருக்கிறது. கூடம் ஒரு ஃபர்னிச்சர் கடையில். கடைக்குள்ளேயே சுவர் எழுப்பி, விளக்கு ஏற்றி, புத்தகம்கூட அடுக்கி முழு அறையாக வைத்திருப்பார்கள். சாம்பல் நிறச் சோபா. என் கிளினிக் முடிந்ததும் அதில் உட்கார்ந்து அன்றைய கதையைப் பேசுவோம். அங்கே நிற்கும் கென்யாக்காரப் பையனுக்கு எங்களைத் தெரியும். "என்ன மேடம், சோபாவைப் பொண்ணு பாக்குறீங்களா? எத்தனை தடவைதான் பாப்பீங்க?" என்பான். அர்னெல், "பொண்ணு புடிச்சிருக்கு, வீடுதான் இன்னும் அமையல" என்பார். முதலாளி வரும் நேரத்தை அவனே சொல்லிவிடுவான்.

மொட்டைமாடி படகு. சில நாள் அக்கரைக்குப் போய் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருப்போம். படகோட்டி சிட்டகாங்காரர். "இறங்கலயா? காத்து வாங்க வந்தீங்களா? அதுக்கும் காசு குடுக்கணும்" என்று கையை நீட்டுவார். கொடுப்போம். திரும்பி வருவோம்.

இசைக்கேற்ப நீர் எழும்பும் அந்தப் பெரிய நீரூற்றுக்குச் சீட்டே கிடையாது. பாலத்தில் நின்றால் போதும். பக்கத்து உணவகத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் அதே தண்ணீர்தான். எங்களுக்குத்தான் சாரல் அடிக்கிறது.

நான் இங்கே மூன்று வருடம் தனியாக இருந்தேன். இதில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. வேலை, கட்டில், வேலை. அர்னெல் வந்த பிறகுதான் ஊரையே பார்க்கிறேன்.

வேலை விஷயம். தேடுகிறார், அம்மா. காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, வளைகுடாவில் அனுபவம் உண்டா. இல்லை என்கிறார். போன் பண்ணுகிறோம் என்கிறார்கள். பத்து வருடம் ஐஸ் பிளான்டில் நின்றவர். அதைச் சொல்லத் தெரிய வேண்டாமா? நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் அவருக்கு வாய் எழும்புவதில்லை. வருகை விசா இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் எங்காவது சேரவேண்டும். இல்லையென்றால் அவர் அங்கே, நான் இங்கே. கிளினிக்கோடு எனக்கு இன்னும் ஒப்பந்தம் இருக்கிறது. எஸ்தான்சியாவில் அவர் இடத்தை இன்னும் காலியாக வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னது அவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாமாவைப் பற்றி. நீங்கள் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஒருநாள் படகில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அர்னெல் சொன்னார். ஜித்தாவிலிருந்து மாமா பேசிப் பதிந்த கேசட் வரும், நீங்கள் அடுப்படியில் அதைப் போட்டுவிட்டு மீன் கழுவுவீர்கள், பிறகு கேசட் வருவது நின்றுவிட்டது. அவ்வளவுதான் சொன்னார். அக்கரை வந்துவிட்டது.

ஆகவே படத்தில் விளக்கும் கோபுரமும் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வாரம் முன்னால், ஒரு ஞாயிறு. துறைக்குப் பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தோம். வினிகர் ஊற்றிச் சமைத்த கோழி, சோறு, நீங்கள் அனுப்பிய கருவாடு. மதியத்துக்கு ஒரு பெட்டி, ராத்திரிக்கு ஒன்று. பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர், வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைப்பாகை. கருவாட்டு மணத்துக்கு மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர் மட்டும் இருந்தார். அர்னெல் நம்மூர் வழக்கப்படி, "வாங்க, சாப்பிடலாம்" என்றார். நீங்கள் கடைக்கு முன்னால் போகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே, அதே மாதிரி. இதற்கு நம்மூரில் யார் வருவார்கள்? 'இப்பதான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க' என்று போய்விடுவார்கள்.

அவர் வந்துவிட்டார்.

கை கழுவிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, எங்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெட்டியைக் காட்டி, "பன்னி இல்லையே?" என்றார். "கோழிங்க" என்றார் அர்னெல். பெரியவர் கடவுள் பேரைச் சொல்லிச் சோற்றில் கையை வைத்தார். மதியப் பெட்டி முடிந்தது. நான் அர்னெலைக் காலால் உதைத்தேன். அவர் ராத்திரிப் பெட்டியைத் திறந்தார்! அதிலும் பாதி போயிற்று. பெரியவர் கருவாட்டை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "எங்க சூடான்லயும் இப்பிடி நாத்தம் புடிச்ச மீன் உண்டு. எத்தனை வருஷமாச்சு!" என்றார். எழுந்திருக்கும்போது என்னிடம், "நல்லா இருந்துச்சு மகளே. புளிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

பேர் இத்ரீஸ். வேறு எதுவும் கேட்கவில்லை, சொல்லவில்லை. போய்விட்டார்.

வழி முழுக்க அர்னெலைத் திட்டினேன். "ஒரு வார்த்தைக்குக் கூப்பிட்டா உக்காந்துடுவாங்களா?" என்றேன். "நான் என்ன பண்ணட்டும், எந்திரிங்கன்னா சொல்ல முடியும்?" என்றார். அன்று ராத்திரி ரொட்டி வாங்கி ஆளுக்கு இரண்டாகச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு எங்களுக்கு அவர் ஞாபகமே இல்லை. பாலத்தில் நீரூற்றைப் பார்த்துவிட்டுத் தாமதமாகத்தான் துறைக்கு வந்தோம். அதே இடத்தில் அவர். துணி போட்டு மூடிய பெரிய தட்டு. கோபம்.

"எங்க போனீங்க? பகல்லேர்ந்து உக்காந்திருக்கேன். எல்லாம் ஆறிப்போச்சு."

அர்னெல் விழித்தார். "நீங்க வரச் சொல்லலையே, ஐயா" என்றார்.

"போன வாரம் நீ கூப்பிட்ட, நான் வந்தேன். இந்த வாரம் நான்தானே? இதை வேற சொல்லணுமா?"

வேகவைத்த மொச்சை, வெங்காயம், மேலே நல்லெண்ணெய், கனத்த ரொட்டி. தனித்தட்டு கிடையாது. மூன்று பேரும் ஒரே தட்டில். நான் என் பக்கத்து ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன். அவர் நடுவிலிருந்து அள்ளி என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் அர்னெலைக் கேட்டார், "நீ என்ன வேலை?"

வழக்கமான கேள்விதான். ஆனால் கையில் ரொட்டி இருந்தது, வாயில் மொச்சை இருந்தது, எதிரில் மேஜை இல்லை. அர்னெல் பேசினார், அம்மா. விடியலில் படகுகள் வரும் நேரம், ஐஸ் கட்டி விழும் சத்தம், கம்ப்ரஸர் நின்றால் ஊர் மீன் முழுக்க அழுகும் என்று ராத்திரியில் அதன் பக்கத்திலேயே படுத்தது. நான் கேட்காத கதைகள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எண்ணெய் என் உடுப்பில் தெறித்தது.

இத்ரீஸ் ஐயா காய்கறிச் சந்தையில் ஒரு குளிர்கிடங்கில் சரக்குகளைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே இயந்திரம் பார்த்தவர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாராம். "முதலாளி நான் இல்ல. வேலை குடுக்க என்னால ஆகாது. ஆனா கதவைத் திறந்துவிடுவேன். உள்ள போய் நீதான் நிக்கணும்" என்றார். போன ஞாயிறு நாங்கள் சோறு கொண்டுபோனோம். அன்று சொன்னார், முதலாளி சம்மதித்துவிட்டார், வருகிற திங்கட்கிழமை காலை அர்னெல் போகவேண்டும். நாள் முழுக்க இயந்திரத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் விசாவுக்கு அவர்களே எழுதுவார்கள்.

பிடிக்காமலும் போகலாம். எனக்குத் தெரியும்.

அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த அழைப்பைப் பற்றி. நாங்கள் மரியாதைக்குச் சொன்னோம். அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சொல்லுக்கு ஆள் வந்துவிட்டார். முதலில் அவர்தான் தப்பு செய்தார் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

அம்மா, நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கூப்பிடுகிறீர்கள். மீன் விலை, முழங்கால் வலி, எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் "வந்துடுடா" என்கிறீர்கள். எல்லா அம்மாக்களும் போனை வைப்பதற்கு முன்னால் சொல்வதுதான். நீங்கள் பாதி மனதோடு சொல்கிறீர்களோ, முழு மனதோடு சொல்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. அர்னெலுக்கு அது இத்ரீஸ் ஐயாவின் காதில் விழுந்த மாதிரிதான் விழுகிறது. உடனே செருப்பைக் கழற்றி உட்கார்ந்துவிடுவார். போன ஞாயிறு நீங்கள் போனை வைத்த பிறகு, விமானச் சீட்டு எப்படி மாற்றுவது என்று என்னைக் கேட்டார். உங்களிடம் முடியாது என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

இந்த ஞாயிறு மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.

வேறு எதையாவது சொல்லுங்கள். கடையில் யாரோடு சண்டை என்று சொல்லுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். திட்டவேண்டுமென்றால் என்னைத் திட்டுங்கள், அவர் எனக்காகப் பேசுவார், பேசினால் திங்கட்கிழமைக்கு வாய் பழகும். திங்கட்கிழமைக்குப் பிறகும் அவர் வரத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் கூப்பிடுங்கள். நானே சீட்டு மாற்றிக் கொடுக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

இந்த ஊர் அழகாகத்தான் இருக்கிறது, அம்மா. ஒளிக்க முடியாது. தனியாக வந்தவர் வீட்டையே மறந்துபோகும் அளவுக்கு இருக்கிறது. ஆனால் அவர் இங்கே தனியாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. இனியும் விடமாட்டேன்.

முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேய்க்க ரோவேனாவிடம் சொல்லுங்கள். கருவாடு இனி அனுப்பினால் கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள்.

அருகில் இருந்தால் செய்வதைப் போல, உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்,
ஜோவிலின்

ஜோவிலின் உறையை ஒட்டி மிலாக்ரோஸ் அக்காவின் பெட்டியில், எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் வைத்தாள். பிறகு முகம் கழுவி, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு, அர்னெல் நின்றுகொண்டிருந்த துறைக்குப் போனாள்.