டேங்கைத் தள்ளி வைக்கப் போன கதை

சின்னசேலம்
14.2.1991

அன்புள்ள மகன் தங்கதுரைக்கு அப்பா வீரமுத்து ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, உன் தங்கை அம்சவள்ளி, பொங்கலுக்கு மறுநாள் கன்று போட்ட செவலைப் பசு எல்லோரும் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டபடியால், இப்போதெல்லாம் ராசு டீக்கடைப் பேப்பரில் போடுகிற படத்தைப் பார்த்துத்தான் நீ எப்படி இருக்கிறாய் என்று நாங்களாகவே முடிவு செய்துகொள்கிறோம். மார்கழியில் வந்த கடிதம்தான் கடைசி. அதற்குப் பிறகு நான் போட்டதெல்லாம் உனக்கு வந்ததா, இல்லை வழியில் எவனாவது பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறானா தெரியவில்லை. அப்படி யாராவது இதைப் படித்தால் அவருக்கும் என் வணக்கம், படித்து முடித்ததும் நன்றாக ஒட்டி என் மகனுக்கு அனுப்பி வைக்கவும்.

மக்காச்சோளம் அடித்து முடித்தாயிற்று, கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை. மணலூர்பேட்டையிலிருந்து அம்சவள்ளியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் காபியைத் தட்டில் ஊற்றி ஊதி உறிஞ்சிய சத்தம் கேட்டு இவள் உள்ளே சிரித்துவிட்டாள், அது கூடத்துக்கே கேட்டுவிட்டது. போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன்னைப் போலவே போடவில்லை.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன், ஊரில் வேறு யாராவது உனக்குத் திரித்து எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். நான் டேங்க் ஒன்றை நகர்த்த இரண்டு முறை சேலம் போய் வந்தேன். சிரிக்காமல் படி. உங்கள் பக்கத்தில் யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து பேப்பரில் முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் கட்டி தினமும் படம் போடுகிறான். நாடுகளைக் கோடு போட்டுப் பிரித்து, அம்புக்குறி, ஏரோப்ளேன், குண்டு விழுந்த இடத்தில் தீபாவளி மத்தாப்பு மாதிரி ஒரு வெடி, எல்லாம் உண்டு. சேலத்து முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டு வந்து விழுந்ததும் ராசு கடையில் இருக்கிற அத்தனை பேரும் தளபதி ஆகிவிடுகிறார்கள். பீடிக்கட்டை வைத்து அளந்து, நாளைக்கு இந்தப் பக்கமாகத்தான் நுழைவான் என்கிறார்கள், காலையில் நிலத்துக்குப் போக வழி மறந்தவர்கள் கூட. ஒருநாள் யாரோ வடை தின்ற கையோடு படத்தைத் தொட்டுவிட்டான், எண்ணெய் ஊறி பின்பக்கத்து விளம்பரம் தெரிந்து குவைத்துக்கு நடுவில் ஒரு பல்பொடி டப்பா முளைத்துவிட்டது. அது என்ன ஆயுதம் என்று கொஞ்ச நேரம் நிஜமாகவே சண்டை நடந்தது. அன்றிலிருந்து கை கழுவாதவன் படத்தைத் தொடக்கூடாது என்று ராசு சட்டம் போட்டிருக்கிறான்.

உன் அம்மாவுக்கு எழுத்துதான் தெரியாதே தவிர படம் நன்றாகத் தெரியும். முதல்நாள் நான் கடலோரமாக விரலை வைத்து, இதுதான் சவுதியில் இருக்கிற தம்மாம், உன் பிள்ளை இங்கேதான் இருக்கிறான் என்று காட்டிவிட்டேன். அது போதும் அவளுக்கு. டீக்கடையில் எல்லோரும் படித்துக் கசக்கினபிறகு மத்தியானம் அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு வரச் சொல்லி, வயலில் வேலை செய்தவள் கையைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் பார்ப்பாள், பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள். போன வாரம் ஒருநாள் பார்த்தால், அந்த இடத்தில் ஒரு டேங்க் நிற்கிறது. சரியாக உன் தலை மேல். அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடவில்லை. மறுநாளும் டேங்க் அங்கேயே நிற்கிறது, அவளும் வெறும் நீராகாரத்தோடு நிற்கிறாள். நான் எடுத்துச் சொன்னேன், இது படத்துக்காகப் பெரிதாகப் போடுவது, அளவு வைத்துப் பார்த்தால் இந்த டேங்க் நம் கல்வராயன் மலையைவிடப் பெரிசாக இருக்கவேண்டும், இப்படி ஒன்று இருந்தால் பூமியே தாங்காது என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அம்மாம் பெரிய நாட்டுல வேற எடமே இல்லியா அவனுக்கு? எம் புள்ள மேலதான் கொண்டாந்து நிறுத்தணுமா?” என்று கேட்டாள். நீயாவது கடிதம் போட்டிருந்தால் அதைக் காட்டி டேங்கை விரட்டியிருப்பேன்.

மூன்றாம் நாள் விதைச்சோளம் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் பொய் சொல்லிவிட்டுச் சேலம் பஸ் ஏறிவிட்டேன். பேப்பர் ஆபீஸ் வாசலில் காவல்காரர் யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். டேங்க் போடுகிறவரை என்றேன். மனுஷர் என்னை மேலும் கீழும் பார்த்து, என்ன நினைத்தாரோ, மாடிக்கு அனுப்பிவிட்டார். படத்தின் ஓரத்தில் எறும்பு அளவுக்கு இருசு என்று போட்டிருக்கும், அது இருசப்பன் என்று ஒரு தம்பி, வாழப்பாடிப் பக்கம், முப்பது வயசிருக்கும், விரலெல்லாம் மை. மேஜையில் உங்கள் ஊர் வரைபடம் விரித்திருக்கிறது, பக்கத்தில் பசைப் பாட்டில், ஒரு சோப்பு டப்பா. அந்த டப்பாவைத் திறந்து காட்டினான் பார், சிரிப்பு வந்துவிட்டது. ஏரோப்ளேன், வெடி, அம்பு எல்லாம் காகிதத்தில் வரைந்து வெட்டிப் போட்டு வைத்திருக்கிறான். டேங்க் மட்டும் ஒன்றே ஒன்றுதான். செய்தி மெஷினில் வருமாம், போட்டோ வராதாம், வந்ததைப் படித்துவிட்டு சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒட்டிக் கொடுக்கவேண்டுமாம். ஊர்ப்பேர் மறையக்கூடாது என்பதற்காகப் பேர் எழுதாத இடமாகப் பார்த்து ஒட்டுவானாம். தம்மாம் பேரை அவன் எழுதவே இல்லை, அதனால் அங்கே காலியாக இருந்ததாம்.

“காலியா இல்ல தம்பி, அங்க எம் புள்ள இருக்கான்” என்றேன்.

அவன் பசைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். பிறகு ரொம்ப மரியாதையாக, உங்கள் பிள்ளை இருக்கிற இடத்தில் கை வையுங்கள், அங்கே இனிமேல் எதையும் ஒட்டமாட்டேன் என்றான். நான் விரலை வைக்கலாம் என்றுதான் போனேன். நீ வேலைக்கு வெளியே போனால் என்ன செய்வது, கம்பெனிக்காரன் வேறு ஊருக்கு மாற்றியிருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது, முழு உள்ளங்கையையும் விரித்து வைத்துவிட்டேன். அவன் குனிந்து பார்த்து, “ஐயா, யுத்தமே உங்க கைக்கு அடியிலதான் இருக்குது” என்றான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், கையை எடுக்கவில்லை. அப்புறம் டேங்கை எங்கேதான் வைப்பது என்று அவனே தலையைச் சொறிந்தான். நான் இன்னொரு கை விரலால் அதைத் தள்ளிக் கொண்டுபோய்க் கடலில் விட்டேன்.

மறுநாள் பேப்பரில் டேங்க் கடலில் மிதந்தது. ராசு கடையில் அமளி. டேங்க் நீந்துமா என்று கேள்வி. தண்ணீரில் போகிற புது மாதிரி இப்போது வந்திருக்கிறது, ரேடியோவில்கூடச் சொன்னான் என்று நான்தான் டீயை ஆற்றிக்கொண்டே எடுத்துவிட்டேன், சாயங்காலத்துக்குள் அதை நேரில் பார்த்தவர்களே ஊரில் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். வீட்டில் உன் அம்மா படத்தைப் பார்த்தாள், அன்றைக்குத்தான் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள், புளிக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்ட தெம்பில் தண்ணீருக்குப் போன இடத்தில் என் வீரத்தை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எதிர்வீட்டுச் சாலம்மாள் வந்து வாசலில் நின்றாள். அவள் மகன் அய்யனார் பம்பாயிலிருந்து போகிற சரக்குக் கப்பலில் சமையல் வேலை செய்கிறான், உன்னோடு படித்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கப்பல் உங்கள் பக்கத்துக் கடலில்தான் போய் வருகிறது என்பது எனக்குத் தெரியாதா, தெரியும். அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. அவள் சத்தம் போடவில்லை. “ஏண்ணே, உம் புள்ள மேல இருந்தத எடுத்துக்கினு போயி எம் புள்ள மேல வச்சிட்டு வந்திட்டியா?” என்று மட்டும் கேட்டாள். உன் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

விடிந்ததும் நானும் சாலம்மாளும் முதல் பஸ் ஏறினோம். உன் அம்மா மலையிலிருந்து வந்த புதுப்புளியில் ஒரு உருண்டை கட்டி அந்தத் தம்பிக்குக் கொடுத்தனுப்பினாள். இருசப்பன் எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான், இன்னும் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டான். சாலம்மாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவன் டேங்கைக் கடலிலிருந்து எடுத்துப் பாலைவனத்தில் வைத்தான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று இவள் கேட்டாள். ஆடு மேய்க்கிறவர்கள் இருப்பார்கள் என்றான். அவர்களைப் பெற்றவளும் இருப்பாள் இல்லையா என்றாள். அவன் இன்னும் மேலே தள்ளினான், அது எதிரி ஊர் என்றான். அந்த ஊரில் பிள்ளைகுட்டி கிடையாதா என்றாள். இப்படியே தள்ளித் தள்ளி டேங்க் படத்தைவிட்டு இறங்கி மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனுக்கும் மனசு வரவில்லை. எடிட்டர் திட்டினால் திட்டட்டும், எத்தனை நாளைக்கு விடுவார்களோ தெரியாது, நாளைக்கு வெறும் ஊர்ப்பேர் மட்டும் போடுகிறேன், தம்மாம் பேரையும் சேர்த்து எழுதுகிறேன் என்று சொல்லி, டேங்கை எடுத்துச் சாலம்மாளிடமே கொடுத்துவிட்டான். அவள் அதை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டாள். ஆக, இத்தனை நாடும் சேர்ந்து செய்யமுடியாததை நம் தெரு செய்திருக்கிறது, ஒரு டேங்க் இப்போது வெற்றிலைக்கும் புகையிலைக்கும் நடுவில் கைதியாக இருக்கிறது. இதை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே, கேட்டு ஆள் அனுப்பப் போகிறார்கள்.

நேற்று வந்த படத்தில் டேங்க் இல்லை, வெடி இல்லை, ஒன்றும் இல்லை. கோடும் பேரும்தான். யுத்தம் தனக்குச் சொல்லாமலே முடிந்துவிட்டது என்று ராசுவுக்கு வருத்தம், பாதிப் பேர் ஏரோப்ளேன் போடுகிற வேறு பேப்பரைத் தேடிப் பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போய்விட்டார்கள். நான் பெருமையாகப் பேப்பரைக் கொண்டுவந்து உன் அம்மா முன்னால் விரித்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. டேங்க் நின்றபோது அதை வைத்துத்தான் உன் இடம் அவளுக்குத் தெரிந்ததாம், இப்போது எல்லாம் எழுத்தாக இருக்கிறதே, என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். நான் தம்மாம் என்ற பேருக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். அவள் என் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை அங்கே வைத்துக்கொண்டாள், பொழுது சாய்கிறவரைக்கும் எடுக்கவில்லை. டீக்கடையில் நான்தான் எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன், ஆனால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறதப்பா. அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

வேடிக்கை பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போகாதே. அறையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, நீ சாப்பிட்டாயா என்று நினைத்துக்கொண்டுதான் இங்கே ஒருத்தி பட்டினி கிடக்கிறாள். கம்பெனியில் ஊருக்குப் போகச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசிக்காதே, பெட்டி படுக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து இறங்கு, யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கேட்டால் சாலம்மாளை விட்டு டேங்கைக் காட்டச் சொல்கிறேன். ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் உன்னையும் அய்யனாரையும், நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஆடு மேய்க்கிற பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், நீடூழி வாழ்க.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தான் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறாள், எழுதிவிடுகிறேன்: “எழுத நேரமில்லன்னா ஒண்ணும் எழுத வேணாம்டா கண்ணு. வெறுங்கவரு மேல நம்ம வூட்டு விலாசத்த மட்டும் உங் கையால எழுதிப் போடு. உள்ள எழுதியிருக்கிறது எப்படியும் எனக்குப் படிக்கத் தெரியாது. மேல இருக்கிறது உங் கையெழுத்துன்னு எனக்குத் தெரியும்.”

இப்படிக்கு,
உன் அப்பா
மு. வீரமுத்து