யாரும் இல்லை என்று எழுதிய அத்தானுக்கு

என்னிடம் பாசத்தைவிடத் திட்டையே அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தானுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. நம் அமெரிக்க ஊர் ஐசலினில் ஒன்றும் மாறவில்லை. சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டில் பார்க்கிங் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. புடவைக் கடை வாசலில் புருஷன்மார்கள் பைகளைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். நேற்று அந்த வரிசையில் நானும் நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் எதிர்ப்பக்கம் டீயும் கையுமாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்திருப்பீர்கள்.

அந்த நோட்டுக்குக் காரணம் ஒரு ஸ்பானியக் கிழவர். மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்க்கிற மனிதருக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். நீங்களோ லஞ்ச் நேரத்தில் உடன் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டீர்கள். அப்புறம் நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களுக்குள்ளிருந்து அந்த மாட்ரிட்காரரைத் தூக்கி வந்தீர்கள்.

இருநூறு வருஷத்துக்கு முந்திய ஆள். ராஜா கதையோ போர்க் கதையோ எழுதவில்லையாம். தன் ஊர்த் தெருக்களில் சும்மா நடப்பாராம். யார் வீட்டுக்கு யார் விருந்தாளியாகப் போகிறார்கள், வீடு மாறுகிறவர்கள் வண்டியில் முதலில் எதை ஏற்றுகிறார்கள், கடைக்காரர் எப்படிப் பேரம் பேசுகிறார் என்று புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதுவாராம். ஊர் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தது. எழுதாவிட்டால் இப்படியெல்லாம் வாழ்ந்தோம் என்பதே ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்கிற கவலை அவருக்கு. தலை நரைத்த பிறகும் அதே வேலைதானாம்.

"அவரு வழக்கத்தத்தான் எழுதுவாருல, ஆள எழுத மாட்டாரு. ஒருத்தரையும் கைகாட்ட மாட்டாரு" என்று சொன்னீர்கள். "பொழைக்கத் தெரியாத மனுசன்" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

பிறகு நீங்களும் ஒரு புனைபெயரில் தமிழ்ச் சங்க இதழில் எழுத ஆரம்பித்தீர்கள். விருந்து முடிந்து "அப்ப கிளம்புறோம்" என்று சொன்னபின் கதவருகே முக்கால் மணி நேரம் நின்று பேசுகிற வழக்கம். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை நயாகராவுக்கு முன்னால் நிறுத்தி, "கொஞ்சம் சிரிங்களேன்" என்று அதட்டுகிற வழக்கம். எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியவன் நான்தான். ஊரான் கதை என்றால் சிரிக்க என்ன வலிக்கிறது?

அப்புறம் திருநெல்வேலியில் எங்கள் அப்பா போனார். அக்காவிடம் கிரீன் கார்டு இருந்தது, பறந்துவிட்டாள். நான் எச்-ஒன் விசாவில் இருந்தேன். "இப்போ போனா திரும்பி வர்றதுக்கு கேரண்டி இல்ல" என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். என் மனைவிக்கு எட்டாம் மாதம். நான் போகவில்லை. ஒரே மகன் இருந்தும் சித்தப்பா மகன்தான் அப்பாவுக்குக் கொள்ளி போட்டான்.

அங்கே சாயங்காலம், இங்கே விடியற்காலை. பிள்ளைத்தாய்ச்சி முன்னால் அழக் கூடாது என்று ஆபீஸ் பார்க்கிங் லாட்டுக்குப் போய், காருக்கு வெளியே நின்று போனில் பார்த்தேன். சுடுகாட்டில் ஷூவோடு நிற்கிற மாதிரி இருந்தது, கழற்றிவிட்டேன். தரையெல்லாம் பனி. அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தவன் "தெரியுதாண்ணே? தெரியுதா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். பாதி நேரம் வானம்தான் தெரிந்தது.

நான் அங்கே நிற்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை. வந்தீர்கள். பனி படாமல் என் ஷூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றீர்கள். ஒன்பது மணிக்கு மீட்டிங் இருந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்று மாதம் கழித்து அதுவும் கட்டுரையாக வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் ஷூ இருந்தது, கொள்ளி இருந்தது, ஒன்பது மணி மீட்டிங் இருந்தது. "அந்தப் பார்க்கிங் லாட்டில் அவனோடு யாரும் இல்லை" என்று முடித்திருந்தீர்கள்.

உடனே போன் போட்டேன். "எழவு வீட்லயும் உங்களுக்குக் கட்டுரைதானா அத்தான்? எங்கப்பாவ வச்சா பேர் வாங்கணும்?"

"இல்லல கண்ணா, நான் உன் பேர..."

வைத்துவிட்டேன். அதன்பிறகு இரண்டு வருஷம். தீபாவளிக்கு வந்தால் "வாங்க", "சாப்பிடுங்க", அதற்கு மேல் கிடையாது. நீங்கள் பேச்செடுக்கும் போதெல்லாம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கிச்சனுக்குள் போய்விடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உங்களுக்கு வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை லேபில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாவி நான், ஒரு தடவை உட்கார்ந்து கேட்டிருக்கக் கூடாதா?

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். உங்கள் கட்டுரைகளைச் சங்கத்தில் புத்தகமாகப் போடுகிறார்கள். "ஏல, அந்தப் பார்க்கிங் லாட் கட்டுரைய எடுத்துரட்டுமா? நீ என்ன சொல்லுதியோ அதான். உனக்கு வலிச்சா அது வேண்டாம்னு அவரே சொல்லியிருந்தாரு" என்றாள். "எடுத்துரு" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

போனால், ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தாள். அந்தக் கட்டுரை வந்ததும் உங்களுக்கு வந்த மெயில்களாம். டெக்சாஸ்காரர் ஒருவர், "இதை யார் சொன்னது உங்களுக்கு? அது நான்தான்" என்று சண்டைக்கே வந்திருக்கிறார். சான் ரமோனிலிருந்து ஒரு பெண், ஆபீஸ் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாளாம். மில்பிடாஸில் ஒருவர் கான்ஃபரன்ஸ் ரூமைப் பூட்டிக்கொண்டு தன் அம்மாவின் தகனத்தைப் போனில் பார்த்திருக்கிறார். "எனக்கும் பக்கத்தில் யாரும் இல்லை" என்று அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கதை என்று நான் பட்டா போட்டு வைத்திருந்ததை இத்தனை பேர் தங்களுடையது என்கிறார்கள்.

உங்கள் மகள் நிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. அதனால் கட்டுரையை நானே வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"வெயிட், மாமா. அப்பா வாஸ் தேர், ரைட்? அம்மா டோல்ட் மி. தென் ஒய் டிட் ஹி சே யாரும் இல்லை?"

கூடவே நின்ற அப்பா ஏன் அப்படி எழுதினார் என்று கேட்கிறாள். குழந்தை முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பா கதையை எழுதிவிட்டீர்கள் என்பதற்காக இல்லை அத்தான் இத்தனை கோபமும். பக்கத்தில் நின்றீர்கள். நின்றுவிட்டு, யாரும் நிற்கவில்லை என்று எழுதினீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே ஆறுதலை அழித்துவிட்டீர்களே என்றுதான் இரண்டு வருஷமாகப் பொருமியிருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை.

"அத்தான் கூட நின்னாருன்னு ஒரே ஒரு வரி சேத்துருவோம்க்கா" என்றேன்.

அக்கா அந்த மெயில் கட்டின் மேல் கையை வைத்தாள். "சேத்தா இது உன் கத ஆயிருமேடா. இவங்கள்லாம் எங்க போவாங்க?"

இவர்களுக்காகத் தெரிந்தேதான் அந்த வரியிலிருந்து உங்களை எடுத்தீர்களா? இல்லை, எப்போதும் போல "என்னைப் பத்தி என்ன இருக்கு எழுத" என்று ஒதுங்கிக்கொண்டீர்களா? கேட்க வேண்டிய காலத்தில் கிச்சனில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன், இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

கட்டுரை புத்தகத்தில் வருகிறது, அத்தான். ஒரு எழுத்து மாறாது. வெளியீட்டு அன்று அதை மேடையில் வாசிக்கப் போகிறவன் நான். குரல் உடைந்தாலும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, அதில் இல்லாத ஒன்றை என் பெயரைச் சொல்லியே சொல்வேன்: "அந்த ஆள் நான்தான். யாரும் இல்லை என்று எழுதினாரே, அவர்தான் என் பக்கத்தில் நின்றார்."

உங்கள் மச்சினன்,
கண்ணன்