கோப்பில் முளைத்த புள்ளி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். அங்கே குளிர் அதிகம் என்றீர்களே, காதை மூடாமல் வெளியே போகாதீர்கள்.

நேற்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். வாயைத் திறந்தால் உங்களையும் சேர்த்துத் திட்டிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. "ஒரு புள்ளிக்காக யாராவது வேலையை விடுவாங்களா? கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றீர்கள். நான் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியைக் கேட்டுவிட்டு எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் என் வேலை உங்களுக்குத் தெரியும். டாக்டர்கள் கையால் எழுதித் தரும் ஆங்கிலக் குறிப்பைத் தட்டச்சு செய்து கொண்டுவருவார்கள். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நான் கீழே சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பெரும்புள்ளி. வைத்த நேரமோ என்னவோ, மனுஷனுக்குப் புள்ளி என்றாலே ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்து, "கமா எங்க, ஃபுல்ஸ்டாப் எங்கன்னு தேடிட்டிருந்தா பக்கம் எப்படி ஓடும்? நாம என்ன நாவலா எழுதறோம்?" என்றார். பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே சொன்னார். குடைந்து முடித்த மூடியைப் பேனாவில் மாட்டி, அதே பேனாவை என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து என் பேனாவை நானே பையில் வைத்துக் கொண்டுபோகிறேன்.

அதற்குப் பிறகும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். "அக்காவுக்கு வால் வெச்ச புள்ளி, வால் இல்லாத புள்ளி ரெண்டும் கணக்கா வேணும்" என்று பக்கத்து மேஜையில் சிரிப்பார்கள். டீ குடிக்கப் போகும்போது என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். வெளிநோயாளிப் பிரிவு டாக்டர் சீட்டில் 'பெனிசிலின்' என்று எழுதி, அதற்கு நேரே 'நோ. அலர்ஜி.' என்று எழுதியிருந்தார். கொடுக்கக் கூடாது, ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தம். தட்டச்சில் நடுப்புள்ளி விழவில்லை. 'நோ அலர்ஜி' என்று வந்தது. ஒவ்வாமை எதுவும் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. வார்டில் இருந்த நர்ஸ் தட்டச்சுப் பக்கத்தைத்தான் பார்த்தாள். ஊசி போட்டாள். கால் மணி நேரத்துக்குள் அவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. உயிரைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அத்தனை நேரம் மூளைக்குக் காற்று போகவில்லை. கண் திறந்திருக்கிறது, பெற்ற மகளை யாரென்று தெரியவில்லை. அந்தப் பெண் தினமும் ஒரு துண்டை நனைத்துக் கொண்டுவந்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டுப் போகிறாள். ஊசி போட்ட நர்ஸை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை பெரும்புள்ளி என்னை அறைக்குள் கூப்பிட்டு அந்தக் கோப்பை நீட்டினார். பக்கம் புதுசு. சூடு கூட ஆறவில்லை. 'நோ' முடிந்ததும் ஒரு புள்ளி. அது மட்டுமா? கமா வர வேண்டிய இடத்தில் கமா, வாக்கியம் முடிந்த இடத்தில் முற்றுப்புள்ளி, ஒன்று குறையவில்லை. இரண்டு வருஷமாக அந்த அலுவலகத்திலிருந்து அவ்வளவு சுத்தமான ஒரு பக்கம் வெளியே போனதில்லை. இந்த மனுஷனுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டேதான் எங்களை வாயடைக்க வைத்திருக்கிறார். "பழைய தேதியப் போட்டு ஒரு கையெழுத்து. நர்ஸ் சரியாப் படிக்கலைன்னு முடிச்சிடலாம். சின்னப் பொண்ணு, வேற இடத்துல வேலை கெடைச்சிடும்" என்றார். சொல்லிவிட்டு விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார். நான் கையெழுத்துப் போடாமல் எழுந்துபோய்க் கை கழுவினேன். மூன்று தடவை சோப்புப் போட்டும் அருவருப்பு போகவில்லை.

இனிமேல் எழுதப்போவதை உங்களிடம்கூடப் போனில் சொல்லவில்லை. முதலில் தட்டச்சாகி வந்த பக்கத்தில் புள்ளி இல்லாததை அன்றைக்கே நான் பார்த்தேன். சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்து மேஜையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மறுபடியும் சிரிப்பார்களே என்று பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வட்டம் போட எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள். பெரும்புள்ளியைப் பார்த்தால் வருகிற அருவருப்பு, இப்போது காலையில் தலை வாரும்போது கண்ணாடியைப் பார்த்தாலும் வருகிறது.

கிழிக்கப் போட்டிருந்த கூடையில் அந்தப் பழைய பக்கம் கசங்கிக் கிடந்தது. டீ சிந்திப் பிசுபிசுத்திருந்தது. எடுத்து நீவி, தலைமை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரைவரின் மகளையும் கூட அழைத்துக்கொண்டு போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், பேனாவை மூடி வைத்தது உட்பட. அந்தப் பெண் பக்கத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய்விட்டாள். நன்றி சொல்வாள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் பாருங்கள், அதை நினைத்தால் கூசுகிறது.

நர்ஸை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பெரும்புள்ளியை நீண்ட விடுப்பில் அனுப்பியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை என்னையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. எனக்காக நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லவும் வேண்டாம், பாதிதான் இருக்கிறது. அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. நான் வெளியே வரும்போது அதில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் போதும். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி