சுரமேட்டுக்கு யானைகள் வரலாகாது என்னும் ஓலை

மூன்று கடலும் அடிபணியும் முடியுடையவரும் (நம் நாட்டுக்குக் கடற்கரை இல்லையெனினும்), வெண்குடை நிழலால் வையத்தின் வெப்பம் தீர்ப்பவருமாகிய மணிமேட்டு நாட்டுப் பேரரசர் மாவண்கோமான் திருவடிகளுக்கு, தென்மேற்கு எல்லைச் சுரமேட்டுக் கோட்டைத் தலைவனும், அறுபது வீரர்க்கு அதிபதியும், அண்மையில் ‘நந்தவன நாயகம்’ என்னும் பட்டம் பெற்றவனுமாகிய சாத்தங்குமரன் நெற்றி நிலம் தோய வணங்கி எழுதுவித்த ஓலை. எழுதுவித்தது என்றது மரபு பற்றி; எழுத இங்கே வேறு ஆள் இல்லை.

தலைநகரும் அரசியாரும் பட்டத்து யானையும் நலம் பெற்று ஓங்குக. இங்கும் யாவரும் நலம். யாவரும் என்பது நானும் நான்கு ஆடுகளும்.

இவ்விடத்தில் ‘மாதம் மும்மாரி பொழிந்து, வயலும் வாவியும் நிறைந்து, நந்தவனம் பூத்துக் குலுங்க’ என்னும் தொடர் வரவேண்டும். அத்தொடர் இல்லாத ஓலையை அரண்மனை வாயிலிலேயே திருப்பிவிட வேண்டும் என்பது ஓலை நாயகர் வகுத்த விதி. ஆகவே ஏழாண்டாக ஒவ்வோர் ஓலையிலும் அதை எழுதிவந்தேன். அந்த ஏழாண்டில் இங்கே பெய்தவை பதினொரு மழை. அவற்றுள் இரண்டை மழை என்று சொல்வதும் மரியாதைக்காகத்தான். இம்முறை அத்தொடரை ஓலையின் மேலுறையில் மட்டும் எழுதியிருக்கிறேன், வாயில் கடப்பதற்காக. உள்ளே இருப்பது உண்மை.

ஓலைக்காரன் மருதங்கோடன் கொண்டுவந்த தங்கள் ஆணையைத் தலைமேல் வைத்துப் படித்தேன். சுரமேட்டு நந்தவனத்தின் புகழ் கேட்டு, பங்குனி முழுமதியன்று அரசியாரோடும் இருநூறு பரிவாரத்தோடும் எட்டு யானைகளோடும் எழுந்தருளி இரு நாள் தங்கப்போவதாகவும், அதற்குள் கோட்டைத் தடாகத்தை நீரால் நிரப்பித் தாமரை மலரச் செய்து, கண்ணுக்கு இனிமையல்லாத குழி, சட்டி, குப்பை முதலியவற்றை அகற்ற வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. பட்டத்தோடு ஒரு வெண்குடையும் பன்னிரண்டு தாமரைக் கிழங்குகளும் வந்துசேர்ந்தன.

பேரரசே, மரபுக்காக எழுதிய ஒரு தொடரைத் தாங்கள் நம்பிவிட்டீர்கள். ஓலைகளை யாராவது படிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் நானும் கவனமாக எழுதியிருப்பேன்.

இங்கே இருப்பது ஒரே கிணறு. அதில் நாளொன்றுக்கு ஊறுவது முப்பது குடம். என் வீரர் அறுபதின்மரும் திருமணம் என்றும் கண்வலி என்றும் விடுப்பில் போனார்கள். ஒருவனுடைய தாயார் மூன்று முறை காலமானார். கடைசி ஆள் போய் ஐந்தாண்டாயிற்று. தலைநகரிலிருந்து தானியம் வருவதும் அதோடு நின்றது. உண்ண வேண்டுமே என்று மண்ணைக் கிளறினேன். முதல் ஆண்டு மேடை கட்டி நட்டவை வெயிலில் பொரிந்தன. பிறகுதான் முழங்கால் ஆழம் பள்ளமெடுத்து, ஆட்டு எருவிட்டு, களிமண்ணில் நானே சட்டிகள் வனைந்து, சுள்ளியில் சுட்டு, கழுத்துவரை புதைத்து, மாற்றி மாற்றிச் செய்துபார்த்து, நீரைக் கசியவிடும் சட்டி எது என்று கண்டேன். சட்டியை நிரப்பி மூடிவிட்டால் நீர் மெல்லக் கசிகிறது. வேர் தானே தேடி வருகிறது. மேலே சருகு பரப்பினால் வெயில் தோற்றுப்போகிறது. சுரையும் வெள்ளரியும் காராமணியும் இப்படித்தான் விளைகின்றன. குளித்த நீர் முருங்கைக்கு. தங்கள் குப்பை என்பது அந்தச் சருகு. தங்கள் சட்டி என்பது என் சோறு.

விடியலில் அறுபது வீரர் பெயரையும் வாசிக்க வேண்டும் என்பது கோட்டை விதி. வெறுஞ்சுவர் முன் வாசிக்கக் கூச்சமாயிருந்தது. ஆகவே சட்டிக்கு ஒரு வீரன் பெயரிட்டேன். ‘கீரத்தன்’ என்று வாசித்து மூடியைத் திறப்பேன். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு நீர் ஊற்றுவேன். நேற்று எழினி முழுவதும் குடித்திருந்தான். பெருஞ்சாத்தன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இன்னும் வேர் அவனைக் கண்டுபிடிக்கவில்லை போலும். உயிரோடு இருந்தபோதைவிட, மன்னிக்க, இங்கே இருந்தபோதைவிட இப்போது ஒழுங்காக வேலை செய்கிறார்கள்.

இனிச் சொல்வது என் குற்றம். தங்கள் ஆணையைப் படித்தபோது நான் குடத்தை எண்ணவில்லை. ‘இருநூறு பேர்’ என்ற சொற்களை மட்டுமே திரும்பத் திரும்பப் படித்தேன். இருநூறு பேர் ஒரே முற்றத்தில் இருமினால் எப்படிக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு, மூன்று நாள் கிணற்று நீர் முழுவதையும் தடாகத்தில் கொட்டினேன். வெடிப்புகள் குடித்ததுபோகக் கணுக்கால் நனையும் அளவு நின்றது. அதில் ஒரு காகம் குளித்தது. நான்காம் நாள் பெயர் வாசிக்கப் போனால், சுரைக்கொடிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன.

கால் கொப்புளத்தால் இங்கே தங்கியிருந்த மருதங்கோடன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அவன் மொழியிலேயே எழுதுகிறேன். “ஏன் ஐயா, ராசா ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருவாரு. அப்புறம் நீங்க எதைத் தின்பீங்க, தாமரைத் தண்டையா? வந்தவங்களும் திரும்பிப் பார்க்காமத்தான் போவாங்க. வழியெல்லாம் பார்த்துக்கிட்டுத்தானே வர்றேன்.”

அவன் நொண்டிக்கொண்டே குடத்தை எடுத்தான். தடாகத்தில் எஞ்சியதை இருவரும் மொண்டு சட்டிகளுக்கு ஊற்றினோம். பதினான்கு சட்டிகளின் கொடிகள் மீளவில்லை. மற்றவை பிழைத்தன. மாலையில் தாமரைக் கிழங்குகளை வேகவைத்து உண்டோம், நன்றாகவே இருந்தன. வெண்குடையைக் கத்தரி நாற்றுக்கு மேலே நட்டிருக்கிறோம். தங்கள் குடைநிழலில் மெய்யாகவே வாழும் குடிகள் அவைதாம்.

மறுநாள் பெயர் வாசிப்பைக் கேட்டு அவன் சண்டைக்கு வந்தான். “ஓடிப்போனவனுக்கெல்லாம் தண்ணி ஊத்துறீங்க. கால் தேய நடந்து வந்தவனுக்கு ஒரு சட்டி கிடையாதா?” ஆகவே அறுபத்தோராம் சட்டியைப் புதைத்தோம். அதனருகே அவன் இட்ட சுரைவிதை நேற்று முளைத்தது. அவன் காலும் ஆறிவிட்டது. நாளை புறப்படுகிறான்.

பேரரசே, தடாகம் நிறைய நான்காயிரம் குடம் வேண்டும். முழுமதிக்குள் கிணறு தருவது ஆயிரத்து இருநூறு. எட்டு யானைகள் குடித்து எழுந்தால் பரிவாரத்துக்கு என் வணக்கம் மட்டுமே மிஞ்சும். எழுந்தருள வேண்டாம். இதை எழுத என் கை எத்தனை முறை நின்றது என்பதை ஓலையின் கீறல்களில் காணலாம். பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்க. குடையை மட்டும் நாற்று தேறும்வரை விட்டுவைக்க.

எல்லைத் தலைவனுக்குத் தன் எல்லைக்குள் ஆணையிடும் உரிமை உண்டாதலால், இதனால் ஆணையிடுவது: யானையோ அதன்மேல் வருவோரோ சுரமேட்டு எல்லைக்கல்லைத் தாண்டலாகாது. தாண்டினால் எஞ்சிய வீரர் நாற்பத்தறுவரும் கழுத்தளவு மண்ணில் நின்று எதிர்ப்பர். அரக்கு இல்லாமையால் சட்டிக் களிமண்ணில் முத்திரை இட்டிருக்கிறேன், நனைத்துவிட வேண்டாம்.

மற்றொன்று, இது ஆணை அன்று. இதற்கான பதிலை மருதங்கோடன் கையிலேயே அனுப்புக. எழுத ஒன்றும் இல்லையெனில் வெற்றோலையே போதும். நாளை முதல் விடியலில் எல்லாப் பெயரையும் நிற்காமல் வாசிப்பேன். அறுபத்தோராம் பெயரை வாசித்தபின் மட்டும், மூடியைத் திறக்குமுன் சற்று நின்று வழியைப் பார்ப்பேன்.